பூவாக மாறாத இட்லி

இன்று காலை ஸ்ரீரங்கத்துப் பூக்கடைக்குப் பை கொண்டுபோக மறந்துவிட்டேன். "முந்தானையப் பிடிங்கம்மா" என்று கடைக்காரர் உதிரி ரோஜாவைக் கொட்டினார். அவ்வளவுதான். உன் இளவரசி ஞாபகம் வந்துவிட்டது, நடுத்தெருவில் நின்று அழுதேன்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தபோது உன் வீட்டுச் சுவரில் அவள் படம் இருக்கும். ஐரோப்பாவில் பிறந்த ராஜா மகள், நீங்கள் கும்பிடும் புனிதை. ஏழைகளுக்கு மடியில் ஒளித்து ரொட்டி கொண்டுபோனபோது புருஷன் மறித்தானாம், மடியைத் திறந்தால் ரொட்டியெல்லாம் ரோஜாப்பூவாக மாறியிருந்ததாம். "இருபத்திநாலு வயசுலயே போயிட்டாடி. எண்ணூறு வருஷமாச்சு, இன்னும் உலகமே கொண்டாடுது பாரு" என்பாய். "உங்க சாமி கதையெல்லாம் அப்புறம் சொல்லு, குழாயில தண்ணி நின்னுடும், வா" என்று உன்னை இழுத்துக்கொண்டு போவேன்.

நீ கதையோடு நிற்கவில்லை. பெண்டாட்டி விட்டுப்போய், டி.பி.யில் தனியாகக் கிடந்த பின்தெருக்காரருக்குத் தினமும் முந்தானையில் மறைத்து இட்லி கொண்டுபோனாய். "அந்த வாசப்படிய மிதிக்காத" என்று உன் வீட்டுக்காரர் சொல்லியிருந்தும் போனாய். அவரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான். உன் கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம் பாதி. மீதி வெறும் பொறாமை. என்னிடம்கூடச் சொல்லாமல் நீ மட்டும் அவ்வளவு நல்லவளாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பாவி நான்.

மறுநாள் குழாயடியில், எல்லார் முன்னாலும், உன் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து உதறினார். நாலு இட்லியும் மண்ணில் விழுந்தன. "அவளுக்குப் பூவா மாறிச்சு, எனக்கு இட்லியாவே இருந்துச்சுடி" என்று அழுகைக்கு நடுவே என்னைப் பார்த்துச் சிரித்தாய். அன்றோடு அந்தப் பின்தெருக்காரருக்குச் சாப்பாடு நின்றது. அந்த மாதமே அவர் போய்ச் சேர்ந்தார்.

போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் வந்தேன். ஒரு மத்தியானம் நீயே ஆரம்பித்தாய். "அன்னைக்கு அவர்கிட்ட யாரு சொன்னாங்கன்னு இன்னும் தெரியலடி. யாரா இருந்தா என்ன, பாவம், அவங்களுக்கும் மனசு கிடந்து அடிச்சுக்கும்ல? தினமும் அவங்களுக்காக வேண்டிக்கிறேன்."

"கஞ்சி ஆறுது, குடி" என்றேன். அதைத்தான் சொன்னேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

இத்தனை வருடமும் யாரென்று தெரியாமலே எனக்காக வேண்டியிருக்கிறாய். எனக்காக வேண்டிக்கொள்ளத்தான் இப்போது ஆளில்லை.