பதினான்கு நாரத்தைக் கன்றுகள்

கோஹுங், 1976 டிசம்பர் 2

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். உங்கள் இருமல் குறைந்ததா? ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. மீன் பிடிக்கவே பொழுது போய்விடுகிறதாக்கும்.

பிள்ளை வயிற்றில் அசைகிறது. ஐந்தாம் மாதம்.

நீங்கள் நட்டுவிட்டுக் கப்பலேறிய பதினான்கு நாரத்தைக் கன்றுகளில் ஒன்பதுக்கு வைக்கோல் சுற்றிவிட்டேன். வைக்கோல் போதாமல் உங்கள் பழைய கால்சட்டையையும் கிழித்துக் கட்டினேன். அடுத்த வீட்டுக் காங் அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புருஷன் ஊர்ல இல்லேன்னு மரத்துக்குக் கால்சட்டை மாட்டுறியாடி?" என்று சிரித்தாள்.

மீதி ஐந்துக்கு என்ன செய்வது?

ஜொம்ரே

லாஸ் பால்மாஸ் துறைமுகம், டிசம்பர் 24

என் ஜொம்ரேவுக்கு,

இன்றுதான் கரை இறங்கினோம். பிள்ளை அசைகிற செய்தியைக் கப்பல் சமையல்காரனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பன மாதிரியே ஒரு எடத்துல நிக்காது போல" என்றான்.

கன்று ஒன்றுகூடப் போகக் கூடாது. அரிசி ஆலையில் உமி சும்மாவே தருவார்கள். கொண்டுவந்து எல்லாக் கன்றின் அடியிலும் முழங்கால் உயரம் குவி. சுற்றிலும் நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் உரச்சாக்கைக் கவிழ்த்துக் கட்டு. கடும்பனி என்று வானொலி சொன்னால், விடியுமுன் ஈர உமியைப் புகையவிடு.

அந்த மரங்கள்தான் நம் பிள்ளையின் படிப்பு. நான் வரும்போது பதினான்கும் நிற்கவேண்டும்.

பியோங்தே

கோஹுங், 1977 பிப்ரவரி 9

உங்களுக்கு,

கடிதம் ஜனவரி பத்தாம் தேதி கிடைத்தது. மறுநாளே ஆலைக்குப் போனேன். ஏழு நடை உமி சுமந்தேன். எட்டாவது நடையில் ஓடைப் பாலத்துப் பனிக்கட்டி வழுக்கிவிட்டது. "சாக்க விடுடி, பாவி! சாக்க விடு!" என்று கூட வந்த காங் அக்கா கத்தினாளாம். நான் உமிச் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்தபடியே கிடந்தேனாம். அவள்தான் என்னை முதுகில் தூக்கி வந்தாள்.

பெண். அழவில்லை. மண் உறைந்திருந்ததால் அக்காவின் புருஷன் கடப்பாரையால் தோண்டவேண்டியிருந்தது.

நான்காம் நாள் எழுந்து மீதிச் சாக்குகளைக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை. அதற்கடுத்த வாரம்தான் பெரும்பனி. ஊரில் எல்லார் கன்றும் கருகிவிட்டன. நம்முடையவை பதினான்கும் பச்சையாக நிற்கின்றன. "எப்படிக் காப்பாத்தினே?" என்று ஆள் ஆளாக வந்து கேட்கிறார்கள்.

நாளைக்கு யோசுவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அங்கே எழுதவேண்டாம்.

பனிக்காலம் முடிந்து வெயில் ஏறுமுன் சாக்குகளைப் பிரிக்காவிட்டால் கன்றுகள் உள்ளேயே வெந்துவிடும். பிரிக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜொம்ரே