மன்னர் வாயில் அதிரசம் திணிப்போர்க்கு அரசி விடுத்த ஓலை

மழை தவறாமலும் மதகு பழுதாகாமலும் தேன்வரை நாடு செழிக்க! முந்நூறு ஏரிகளைத் தூர்வாரியவரும், மலைநாட்டுப் படையை ஆற்றுக்கு அப்பால் துரத்தியவரும், அண்மைக் காலமாக அரண்மனைப் படிக்கட்டுகள் அஞ்சி நடுங்க ஏறி இறங்குபவருமான மன்னர்பிரான் சேந்தன் மாறவேளின் பட்டத்தரசியும், அவர் அயல்நாடு செல்லும்போதும் அயர்ந்து உறங்கும்போதும் இந்நாட்டை ஆள உரிமை பெற்றவளுமான எழிலாண்டாள், ஆழிமங்கலத் தலைநகரின் எல்லாத் தெருக்களிலும் குடியிருக்கும் பெருமக்களுக்கு விடுக்கும் ஓலை. உங்கள் அடுப்பு அணையாதிருக்க. உங்கள் பிள்ளைகள் வயிறு வாடாதிருக்க. உங்கள் கை மட்டும் சற்றே அடங்கியிருக்க.

பெருமக்களே, முரசு கேட்டவுடன் புதுவரி என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். மன்னரின் இடுப்பைப் பற்றிச் சில சொல்லவே இதை விடுக்கிறேன். அரசரின் இடுப்பைத் தெருவில் பேசலாமா என்று அவையில் பெரியவர்கள் தயங்கினார்கள். அந்த இடுப்பு தெருவில்தான் பெருத்தது. ஆகவே தெருவில்தான் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊர்ப் பின்மலையில் இருக்கும் இடுக்குவாசலை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் பங்குனி வளர்பிறையில் அரசர் அந்தப் பாறைப் பிளவுக்குள் தனியே நுழைந்து, உள்ளே இருக்கும் சுனைநீரைக் குடத்தில் முகந்துவந்து பேரேரியில் ஊற்றினால்தான் மதகு திறக்கப்படும். பஞ்சக் காலத்தில் குடிமக்கள் மெலிந்திருக்கத் தான் மட்டும் கொழுத்திருக்கும் அரசன் வேண்டாம் என்று நம் முன்னோர் வைத்த கட்டளை இது. நுழைய முடியாதவர் அரியணையை விட்டு இறங்கவேண்டும்.

சென்ற பங்குனியில் நடந்ததையும் நீங்கள் கண்டீர்கள். தலையும் குடமும் சுனையின் பக்கம், எஞ்சியவை யாவும் நம் பக்கம் என்று மன்னர்பிரான் நடுவில் நின்றுபோனார். பூசாரி விளக்கெண்ணெய் ஊற்ற, மல்லர்கள் காலைப் பிடித்து இழுக்க, அரசர் வந்தார், பட்டாடை வரவில்லை. அன்று சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். ஆனால் பேரவை சிரிக்கவில்லை. ஓராண்டு தவணை தந்து, மறுபடியும் சிக்கினால் முடி வழுதூர் நம்பியாருக்கு என்று முடிவெழுதியது. மன்னரின் சிற்றப்பா மகனான நம்பியார் இடுக்குவாசலில் குடை பிடித்துக்கொண்டே நுழையும் உடம்புக்காரர். அது குற்றமில்லை. ஆனால், இரவுக் கூத்தும் பறைமுழக்கமும் தம் உறக்கத்தைக் கெடுப்பதாகவும், முடி வந்தால் முதல் ஆணையே அவற்றைத் தடைசெய்யத்தான் என்றும் இப்போதே சொல்லித் திரிகிறார். எண்ணிப் பாருங்கள்.

அவமானம் பொறுக்காத நம் மன்னர் முதலில் பட்டினி கிடந்தார். இளநீர் தவிர எதுவும் தொடமாட்டேன் என்று சூளுரைத்தார். ஓரிரு நாள் வீரமாகத்தான் கழிந்தது. பிறகு, ஆடு திருடிய ஒருவனை அவைக்குக் கொண்டுவந்தபோது, திருடியது ஏன் என்று கேட்கவேண்டிய வாய், "ஆட்டை என்னடா செஞ்ச? குழம்பு வெச்சியா, வறுத்தியா? எலும்பையாவது மிச்சம் வெச்சியா?" என்று கேட்டது. அவன் வறுத்த பக்குவத்தைச் சொல்லச் சொல்ல அரசர் கண்ணீர் விட்டார். திருடனும் சேர்ந்து அழுதான். தீர்ப்புச் சொல்ல எழுந்தவர் மயங்கி, மலைநாட்டுத் தூதர் மடியில் விழுந்தார். தூதருக்கு இன்னமும் ஒரு முழங்கால் மடங்குவதில்லை. தெளிந்தெழுந்த மன்னர் நேரே மடைப்பள்ளிக்குச் சென்றார். அங்கே நடந்ததை எழுத என் எழுத்தாணி கூசுகிறது. போன சதை சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

அடுத்து, உண்பதைக் குறைக்காமல் உழைப்பைப் பெருக்குவேன் என்று மல்லர் களத்தில் இறங்கினார். ஒரு மாதப் பயிற்சியை ஒரே பகலில் முடித்துவிடும் ஆவல்! இளவட்டக்கல்லை முழங்கால் வரைக்கும் தூக்கினார்; பிறகு அவரை நால்வர் தூக்கினார்கள். முதுகு பிடித்துக்கொண்டு படுத்தவரைத் தேற்றுவதற்காக அவருடைய அக்காள் வண்டி வண்டியாக அக்காரவடிசில் அனுப்பினார்.

இதற்குப் பிறகுதான் அரண்மனை வைத்தியர் நக்கனார் வாய் திறந்தார். யார் முகத்துக்கும் அஞ்சாத அவர் மன்னரிடம் சொன்னது இது: "ஏரி வேலையில உங்களை மிஞ்ச ஆளில்லை. உங்க வயித்தை மட்டும் ஏன் ஏரியா பாக்க மாட்டேங்கிறீங்க? தண்ணி வரத்தை அடியோட அடைச்சா வயக்காடு காயும். மதகை ஒரே நாள்ல முழுசாத் தொறந்தா வாய்க்கா கரை ஒடையும். வரத்தைக் கொஞ்சம் கொறைங்க, மதகைக் கொஞ்சம் கூடத் தொறங்க. தண்ணி தானா விரல் விரலா எறங்கும். அவசரப்பட்டா நானும் இல்லை, நீங்களும் இல்லை."

ஏரி என்றதும் அரசருக்கு விளங்கிவிட்டது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காயும் வைத்தோம். கொள்ளும் மீனும் மோரும் இருந்ததால் பசி வாட்டவில்லை. நெய்க்கிண்ணத்தை நான் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அதன் விளைவு என் இடுப்பில் தெரிகிறது, அது வேறு கதை. காலையில் ஊரைச் சுற்றி நடை, மாலையில் அளவாகக் கர்லாக்கட்டை, இரவில் நேரத்தோடு உறக்கம். அரைப்பட்டிகையின் முடிச்சு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. படியேறும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தார். பாட்டு சகிக்கவில்லை, ஆனாலும் நான் மகிழ்ந்தேன்.

பிறகு முடிச்சு நின்றது. அதற்கும் பிறகு, வெளியே நகரத் தொடங்கியது.

வைத்தியர் குழம்பினார். மடைப்பள்ளியைக் காவலில் வைத்தோம். குற்றமில்லை. நடையைக் கூட்டினோம். எடையும் கூடியது! நடக்க நடக்கப் பெருக்கும் உடம்பை எந்தச் சுவடியிலும் கண்டதில்லை என்று நக்கனார் கைவிரித்தார். ஆகவே ஒரு காலை, நான் கீரைக்காரியாக வேடமிட்டுக் கூடையைச் சுமந்து மன்னருக்குப் பின்னே நடந்தேன். அன்று கண்டதைச் சொல்கிறேன். தலை குனிய வேண்டியவர்கள் குனியலாம்.

அரசர் கால்நடையாக வாசலைக் கடந்தால் ஒரு வாய் கொடுக்காமல் அனுப்பக்கூடாது, அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது என்று நமக்கு வாசற்கவளம் என்றொரு வழக்கம் உண்டல்லவா? தலைமுறை தலைமுறையாக நம் மன்னர்கள் யானைமேல் போனதால் அந்த வழக்கம் உறங்கிக் கிடந்தது. யானைதான் வாழைப்பழம் தின்று வாழ்ந்தது. இவர் நடக்கத் தொடங்கியதும் நீங்கள் எல்லாரும் விழித்துக்கொண்டீர்கள்.

பூந்தெரு உலகம்மை அதிரசத் தட்டோடு வாசலில் நின்றாள். "நடந்து நடந்து துரும்பா எளைச்சிட்டீங்களே ராசா, அரமனையில சோறு போடுறாங்களா இல்லையா?" என்றாள். துரும்பாம்! அந்தத் துரும்பு நின்ற நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. வாணியத்தெருச் செங்காடன், "செக்குல ஆட்டுன எண்ணெய் சாமி, ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று வடையை நீட்டினான். நெசவுத்தெருவிலோ, "அந்தத் தெருவுல தின்னீங்க, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று சண்டை. மன்னர் வாசலுக்கு வாசல், "வேணாம், வேணாம்" என்றார். கை மட்டும் நீண்டது. "சரி, உங்க மனசு நோகக் கூடாது. ஒண்ணே ஒண்ணு" என்றார். ஒரு வீட்டில் ஒன்றுதான், பெருமக்களே. ஆனால் ஊரில் எத்தனை வீடு?

கடைசியில் அவர் என்னிடமே வந்தார். கட்டிய மனைவியை முக்காட்டுக்குள் அடையாளம் தெரியாமல், குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, கீரைக்கு அடியில முறுக்கு ஏதும் வெச்சிருக்கியா?" என்று கேட்டார். முக்காட்டை விலக்கினேன். அன்று மன்னர் ஓடிய ஓட்டம், நக்கனார் சொன்ன ஒருவாரப் பயிற்சிக்குச் சமம்.

அரண்மனையில் வைத்து விசாரித்தபோது, தாம் பசியால் உண்ணவில்லை என்றும், நீட்டிய கையை மறுத்தால் அந்த வீட்டார் முகம் வாடுவதைக் காணப் பொறுக்கவில்லை என்றும் மன்னர் எடுத்துரைத்தார். பாதி உண்மை. அந்தப் பாதிக்காகத்தான் உங்கள்மேல் எனக்குச் சினம் வரவில்லை. அன்பினால் ஊட்டினீர்கள், அன்பினால் உண்டார். இரண்டு அன்பும் சேர்ந்து அவரை அரியணையிலிருந்து இறக்கப்போகின்றன.

ஆகவே கட்டளை கேளுங்கள். நாளை விடியல் முதல் வாசற்கவளம் நிறுத்தப்படுகிறது. வீட்டுக்கு ஆகாதே என்று யாரும் அஞ்ச வேண்டாம். பேரவையும் கோயிலாரும் கூடி வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். மன்னர் உங்கள் வாசலைக் கடக்கும்போது, கவளத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒருவர் இறங்கிவந்து தெருமுனை வரை அவரோடு நடக்கவேண்டும். நடக்க இயலாதவர்கள் ஒரு குவளை தண்ணீரும் ஒரு நல்ல சொல்லும் தரலாம். சொல் இனிக்கலாம்; தண்ணீர் இனிக்கக்கூடாது. ஊட்டியே ஆகவேண்டும் என்று கை ஊறினால், பசித்த பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து ஊட்டுங்கள். உலகம்மையின் அதிரசம் மட்டும், பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள் ஒன்று, அரண்மனைக்கு வரலாம். ஒன்றும் கூடாது என்று சொல்ல நான் கல்நெஞ்சக்காரி அல்ல. நக்கனாரும் அப்படிச் சொல்லவில்லை.

நாள் நெருங்கிவிட்டதே என்று மீண்டும் அவரைப் பட்டினி போடச் சொல்லி யாரும் அரண்மனைக்கு வரவேண்டாம். ஏரி விரல் விரலாகத்தான் இறங்கும். பங்குனிக்குள் போதுமான அளவு இறங்குமா என்று கேட்டால், இறங்கலாம் என்கிறார் வைத்தியர். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதி. அவர் இடுக்கில் நுழைந்து குடத்தோடு வந்தால் உங்களுக்கு அரசர். நடுவிலே நின்றுவிட்டால் முடியை நம்பியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார். அப்படி வந்தாலும் மறுநாள் விடியலில் அவரை எழுப்பி நடக்கவைப்பேன். முடி இல்லாத தலையோடு வாழ்ந்துகொள்வேன். அவர் இல்லாத வீட்டில் என்னால் முடியாது.

நாரை முத்திரையிட்டு, தேவி எழிலாண்டாள் தன் கையாலேயே எழுதி விடுத்தது. தெருத்தோறும் மும்முறை உரக்கப் படிக்கப்படுக; மன்னர் நிற்குமிடத்தில் நான்காம் முறையும் படிக்கப்படுக. மீறித் தட்டு நீட்டுவோர், யாராயினும், மன்னரின் அக்காளே ஆயினும், திருவிழா வரை நாள்தோறும் மன்னரோடு ஊரைச் சுற்றி நடக்கக் கடவர்.