மோட்டாரின் கைப்பிடி

கோரமண்டல் தங்கச் சுரங்கம்,
1906, ஆடி 12.

நைனாவுக்கு ஏகாம்பரம் வணங்கி எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகமா? உங்கள் இருமல் தணிந்ததா?

துரை மெட்ராஸிலிருந்து மோட்டார் வண்டி வாங்கியதும் குதிரைகளை விற்றுவிட்டார். குதிரைக்காரனான என்னை வண்டியைக் கிளப்ப வைத்துக்கொண்டார். முன்னாலுள்ள இரும்புக் கைப்பிடியை வேகமாகச் சுற்றினால்தான் எஞ்சின் ஓடும். போன செவ்வாய்க்கிழமை அது எதிர்ப்பக்கம் உதறி என் வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. பயப்படாதீர்கள், குதிரை உதைத்திருந்தால் இதைவிட மோசம். டாக்டர் பலகை வைத்துக் கட்டியிருக்கிறார். அதனால் நான் சொல்லச் சொல்ல பட்லர் மரியகுழந்தை எழுதுகிறார்.

வேறு ஆள் வைப்பதாகத் துரை நேற்று சொன்னார். வேலை போனால் தங்கும் அறையும் போய்விடும். ஒரு கையோடு சுரங்கத்திலும் சேர்க்கமாட்டார்கள். "எடது கையால சுத்தறேன் தொரை" என்றேன். இன்று சுற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"இன்னா ஏகாம்பரம், அதுவும் ஒடஞ்சா இன்னா பண்ணுவே?" என்று இதை எழுதும்போது கேட்டார் மரியகுழந்தை.

"ஒடயட்டும், அப்ப ஊருக்கு வந்துடறேன்" என்று சிரித்தேன்.

அம்மாவிடம் சுளுக்கு என்று மட்டும் சொல்லுங்கள். கயிறு வைத்த சட்டை ஒன்று அனுப்புங்கள். பொத்தான் போட்டுவிட இங்கே யாருமில்லை. துரை கூப்பிடுகிறார், வருகிறேன்.

ஏகாம்பரம்

ஐயா, மரியகுழந்தை எழுதுகிறேன். ஏகாம்பரம் இடது கையால் சுற்றினான், எஞ்சின் கிளம்பிவிட்டது, கையும் தப்பியது. ஆனால் வண்டி போனபின் அவன் காலி லாயத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். யாராவது வந்து கூட்டிப்போங்கள்.