காப்பி எடுக்கலாம், பாவம் இல்லை

அன்பு அக்கா,

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். கூடத்து அலமாரியைக் காலி செய்தபோது பழைய ஜெபப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு காகித உறை வழுக்கி விழுந்தது. உள்ளே ஒரு சிடி. உறையின் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் உங்கள் குண்டுக் கையெழுத்து: ‘ஆபீஸ். நம்மளோடது. காப்பி எடுக்கலாம், பாவம் இல்லை.’ நான் தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்துவிட்டு, பெயின்ட் வாளியோடு வந்த ஆள் சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த சிடியைப் போட்டுப் பார்க்க இன்று வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் அதை மடியில் வைத்துக்கொண்டு உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகள். ஓரகத்திகள் ஒரே அடுப்படியில் நிலைக்க மாட்டார்கள் என்று என் அம்மா எனக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். நீங்களோ முதல் வாரமே, “எனக்கு சாம்பார் வராது, உனக்கு மீன் கழுவ வராது. சண்ட போட நமக்கு நேரமே இருக்காது தங்கச்சி” என்று சொல்லிவிட்டீர்கள். கடலோரக் கிள்ளையில் பிறந்தவர் கையால் மீன் குழம்பு சாப்பிட்ட பிறகு நான் எதற்குச் சண்டை போடப் போகிறேன்?

உங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது உங்கள் விரல்கள் முழங்கால் மேல் தட்டிக்கொண்டே இருக்கும். ஜெபமாலை உருட்டுகிறீர்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோதுதான் தெரிந்தது, பிரசங்கத்தைத் தட்டச்சு செய்கிறீர்கள் என்று. கல்யாணத்துக்கு முன் சிதம்பரத்தில் தமிழ்த் தட்டச்சு படித்து, ஹையர் பாஸ் செய்தவர் நீங்கள். அதன் பிறகு ஒரு மெஷினைத் தொட்டதில்லை. விரல்கள் மட்டும் மறக்கவில்லை.

கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்தது 2007இல், உங்கள் மகள் ஜெனி பிளஸ் ஒன் சேர்ந்த சமயம். திருப்பாதிரிப்புலியூர் கடையொன்றில் உங்கள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதைச் சேர்த்துக் கட்டச் சொல்லி ஆட்டோவில் ஏற்றி வந்தார். கூடத்தில் ஆண்டவரின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மேசை போட்டு வைத்தோம். கடைக்காரர் நல்ல மனசோடு எல்லாவற்றையும் உள்ளே போட்டே கொடுத்திருந்தார். கடிதம் எழுத, கணக்குப் போட, படம் காட்ட என்று ஆபீஸ் மென்பொருளும் அதில் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு அறிவிப்பு வர ஆரம்பித்தது. நீங்கள் ஜெனியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னீர்கள்.

“இது ஒரிஜினல் இல்லியாம்மா. யாரோ காப்பி போட்டுக் குடுத்திருக்காங்களாம்.”

“அப்ப திருட்டா?”

“ஊரே அதத்தான் வெச்சிருக்கு. நீ ஒண்ணு!” என்றார் மாமா.

“ஊரே வெச்சிருந்தா திருட்டு கல்யாணச் சீரா மாறிடுமா?” என்று கேட்டுவிட்டு மேலே படத்தைக் காட்டினீர்கள். “அவரு மேலேருந்து பாத்துக்கிட்டே இருக்காரு. கீழ இந்த சாமான வெச்சிக்கிட்டு நான் எப்புடி இங்க நின்னு ஜெபம் சொல்றது?”

மாமா பஸ் டெப்போவில் ஆயிரம் பேரை அடக்குகிறவர். அன்றைக்குப் படத்தையும் பார்த்தார், உங்களையும் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அசலை வாங்க நம் வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது என்று ஜெனிதான் எங்கிருந்தோ கேட்டு வந்தாள். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில், கம்ப்யூட்டர் பத்திரிகையின் அட்டையில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஓப்பன் ஆபீஸ். நாம் மூன்று பேரும் போய் வாங்கி வந்தோம். “இதை யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம்” என்று பத்திரிகையில் போட்டிருந்ததை நீங்கள் ஜெனியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். “அவுங்களே காப்பி எடுத்துக்கோன்னு சொல்றாங்களா? எந்த ஊரு புண்ணியவானுங்க இவுங்க?”

ஆனால் வீட்டு ஆண்களுக்கு மனசு வரவில்லை. சும்மா கிடைப்பது எப்படி நன்றாக இருக்கும் என்பது மாமாவின் சந்தேகம். மருந்துக் கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். “அண்ணி, நாளைக்கி ஜெனி வேலைக்குப் போற எடத்துல இதுவா இருக்கும்? இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு புள்ள முழிக்காதா?”

நீங்கள் வாதம் செய்யவில்லை. “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து ஆளுக்கொரு வேல இதுல செஞ்சி பாருங்க. ஒத்து வரலன்னா நானே தூக்கிப் போட்டுடறேன்” என்றீர்கள்.

அந்த ஞாயிறு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுப்பில் கறி கொதிக்கிறது, கூடத்தில் பரீட்சை நடக்கிறது. என் வீட்டுக்காரர் கடைச் சரக்குப் பட்டியலைக் கட்டம் போட்டு அடித்தார். கூட்டல் தானாக வந்ததும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். ஜெனி பிச்சாவரத்துக் காட்டைப் பற்றிப் படக்காட்சி செய்தாள். மாமா தன் சங்கத்துக்காக ஒரு நீண்ட மனுவை இரண்டு விரலால் தட்டினார். கடைசிப் பத்திக்கு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, “இப்பப் பாரு” என்று சொன்ன நொடியில் கரண்ட் போயிற்று.

மாமா கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையற்கட்டுக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்த நீங்கள் என்னைவிட மோசம். இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுகிற மாதிரி சிரித்தோம்.

கரண்ட் வந்தது. ஜெனி மறுபடியும் திறந்தாள். ‘விட்டுப்போன கோப்பை மீட்கட்டுமா?’ என்று திரையே கேட்டது. கடைசிப் பத்தியைத் தவிர அத்தனையும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“போன பாரா சுமாராத்தான் இருந்துச்சி” என்றார். “இதுவே இருக்கட்டும்.”

உங்கள் முறை கடைசியில் வந்தது. ஜெனி ஏதோ செய்து மேலே இருந்த பெயர்களையெல்லாம் தமிழாக மாற்றி வைத்திருந்தாள். கோப்பு, தொகு, பார்வை. விசைப்பலகையையும் பழைய தட்டச்சு வரிசைக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். நீங்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தீர்கள். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மழை ஓட்டில் இறங்குவது போல விடாமல் ஒரு தட்டல். அன்று காலைப் பிரசங்கத்தை வரி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தீர்கள். எத்தனையோ வருஷத்துப் பிரசங்கங்கள் உள்ளே காத்துக்கொண்டிருந்தது போல. மாமா எழுந்து வந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “இவ்ளோ நாளு இத எங்க வெச்சிருந்த?” என்று மெதுவாகக் கேட்டார்.

மறு வருஷம் சிதம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி ஒன்றில் அலுவலகத்துக்குத் தமிழ் அடிக்க ஆள் தேவை என்று கோயிலில் வாசித்தார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் உங்கள் விரல்கள் பையின் மேல் தட்டிக்கொண்டே வந்தன. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “தொணைக்கி வர்றியா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை தயார் செய்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஜெனியின் பென் டிரைவில் அதைப் போட்டு, கைக்குட்டையில் முடிந்து, பஸ் முழுக்கக் கைக்குள்ளேயே வைத்திருந்தீர்கள். புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்து ஜெபம். வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் நிறுத்திவிட்டு, “காலைல மாவு ஃபிரிட்ஜில வெச்சியா?” என்று கேட்டீர்கள்.

அலுவலக அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் வராந்தா பெஞ்சில். பெரிய கிளார்க் பென் டிரைவைச் செருகினார், ஒரு தரம், இன்னொரு தரம் அழுத்தினார்.

“இது என்ன ஃபைலும்மா? எங்க சிஸ்டத்துல தெறக்கவே மாட்டேங்குதே. எதுல அடிச்சீங்க?”

நீங்கள் பெயரைச் சொன்னீர்கள். அவர் கேள்விப்பட்டதில்லை. ஏதோ செய்து திறந்தபோது, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. என் வீட்டுக்காரர் ஜெனியைப் பற்றிச் சொன்ன சொல், நேராக வந்து உங்கள் தலையில் விழுந்துவிட்டதே என்று நினைத்தேன். உங்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் சான்றிதழ்களோடு காத்திருந்தார்கள். எல்லாரும் உங்களைவிடச் சின்னவர்கள்.

நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது, அக்கா. “ஃபைலுதானே சார் தெறக்கல? கை இருக்குல்ல. உங்க மெஷின்லயே மறுபடி அடிச்சிடறேன், உக்காரட்டுமா?”

அவர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நம் வீட்டில் ‘கோப்பு’ இருந்த மூலையில் வேறு எழுத்து. நீங்கள் கொஞ்ச நேரம் திரையை மேலும் கீழும் பார்த்தீர்கள். புதுச் சமையற்கட்டில் உப்பு ஜாடியைத் தேடுகிற பார்வை அது. பிறகு தட்டல் தொடங்கியது. வராந்தாவில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். பார்த்து அடிக்கக் கையில் தாள்கூட இல்லை. வீட்டில் எழுதியதைவிட நன்றாகவே வந்ததாகப் பிறகு சொன்னீர்கள். அச்சாகி வந்த பக்கத்தை கிளார்க் நின்றுகொண்டே படித்தார். “சிஸ்டர் உள்ள இருக்காங்க, போயிப் பாருங்கம்மா” என்று கதவைக் காட்டினார்.

வெளியே வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கீழ வீதியில் ஒரு ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வாங்கிக் கொடுத்தீர்கள். “பேருதான் வேற, எடம் எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி. கோப்பு எப்பவும் மொதல்லதான் இருக்கும்.” அன்று மாலையே ஜெனி, வேறு இடத்திலும் திறக்கிற மாதிரி சேமிப்பது எப்படி என்று காட்டினாள். “இத நேத்தே சொல்லியிருந்தா ஒரு கூடை ஜெபம் மிச்சமாயிருக்குமே” என்று அவள் தலையில் குட்டினீர்கள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் எல்லாம் பஸ் வருஷங்கள். காலையில் டிபன் டப்பாவோடு நீங்கள் ஓடுவீர்கள். கண்டக்டர்கள் உங்களுக்காக விசில் ஊதாமல் காத்திருப்பார்கள். பள்ளிக் கம்ப்யூட்டர் ஒன்றிலும் ‘ஒரிஜினல் இல்லை’ என்ற அந்த அறிவிப்பு தலைகாட்டியபோது நீங்களே நம் சிடியை எடுத்துப் போனீர்கள். “நம்ம சிடி வேலைக்குப் போவுது, பாரு” என்று வாசலில் நின்று காட்டியது ஞாபகம் இருக்கிறது. பிறகு நகல் எடுப்பதே உங்களுக்கு ஒரு சந்தோஷமாகிப் போனது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம், பூசைக்குப் போகும் பையில் ஜெபப் புத்தகத்தோடு ஒரு சிடியும் போனது. பின்னால் அதிலிருந்தே பிரிந்து லிப்ரே ஆபீஸ் என்று இன்னொன்று வந்தபோது, “பங்காளி பிரிஞ்சிட்டாங்களா? பரவால்ல, ரெண்டு வீட்டுலயும் சாப்பாடு கெடைக்கும்” என்றீர்கள்.

2012இல் ஒரு காய்ச்சல் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. பள்ளி அலுவலகமே கல்லறைக்கு வந்திருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பெரிய கிளார்க், ஓய்வு பெற்றிருந்தவர், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவில்லை.

இத்தனையிலும் நான் அதிகம் நினைப்பது, வேலை கிடைத்த அன்று திரும்பி வந்த பஸ்ஸைத்தான். ஜன்னலோரம் நீங்கள். உள்ளே சிஸ்டர் என்ன கேட்டார் என்று நான் நச்சரித்தேன்.

“இவ்ளோ வருஷம் வீட்டுல இருந்துட்டு இப்ப எதுக்கு வேலைன்னு கேட்டாங்க. வீட்டுல கஷ்டமான்னு கேட்டாங்க.”

“என்னா சொன்னீங்க?”

“கஷ்டம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், எனக்கு ஆசையா இருக்குன்னேன்.”

“ஐயோ, அப்புடியேவா சொன்னீங்க?”

“பின்ன? பொய் சொல்லியா வேல கேக்கறது? அந்தம்மா சிரிச்சிட்டு, திங்கக்கெழம வந்துடுங்கன்னாங்க.”

அதுவரை எனக்குத் தெரியாது, அக்கா. ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் ஒரு கஷ்டத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பிள்ளைக்காக, வீட்டுக்காக, வேறு வழியில்லாததால் என்று. எனக்கு வேண்டும் என்பதே ஒரு காரணம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது காலை வேளைகளில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான் ஸ்கூட்டி பழகுகிறேன். கற்றுக்கொடுக்கிற பெண் முதல் நாளே கேட்டாள், “ஏன் ஆன்ட்டி, கொண்டுபோயி வுட வீட்டுல ஆளு இல்லியா?” எல்லாரும் இருக்கிறார்கள் என்றேன். பின்னே எதற்கு என்றாள். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்று காலை ஒரு சுற்று முழுக்க, காலை ஊன்றாமல் வந்துவிட்டேன், அக்கா.