அம்மாவின் எம்பிராய்டரி கணினி

மார்ச் 3, ஞாயிறு

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தங்கை தூங்கிவிட்டாள்.

அம்மாவின் எம்பிராய்டரி மெஷினோடு இருக்கும் கணினி ஆமையாய் நகர்கிறதே என்று, அம்மா வெளியே போன நேரத்தில் விண்டோஸை அழித்து, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். பறக்கிறது! டிசைன்கள் பென்டிரைவில் பத்திரம். தையல் மென்பொருளையும் நகல் எடுத்திருந்தேன் — எடுத்ததாக நினைத்தேன். எடுத்தது திரையில் இருந்த அதன் சின்னத்தை மட்டும். வீட்டை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றி வந்திருக்கிறேன்.

வியாழனன்று கால்பந்து அணியின் முப்பத்திரண்டு சட்டைகள் வருகின்றன. முதுகில் பெயர் தைத்துச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அதுவரை அவள் கணினியைத் தொடமாட்டாள். நாலே நாள்.

மார்ச் 4

சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுவலி என்று அம்மா கசப்பு மருந்து ஊற்றினாள். குடித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

ஊசிப்பெட்டிக்கு அடியில் மென்பொருளின் பழைய சிடி கிடைத்தது! போட்டேன். லினக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது விண்டோஸுக்காகச் செய்தது.

மார்ச் 5

வழி இருக்கிறது! விண்டோஸ் மென்பொருள் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல நடுவில் இன்னொரு மென்பொருள். பெயர் ஒயின். தங்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில், "அம்மா, அக்கா கம்ப்யூட்டருக்கு ஒயின் ஊத்துறா!" என்றாள்.

"தண்ணி பட்டாலே போச்சு, அதுகிட்ட என்னடி விளையாட்டு?"

உயிர் போய்த் திரும்பி வந்தது.

மென்பொருள் திறந்தது. டிசைன்களும் திறந்தன. குதித்தேன், சத்தமில்லாமல்.

மார்ச் 6

மெஷின் இணைக்கப்படவில்லை என்கிறது. நாளைக்குச் சட்டை வருது. செத்தேன்.

மார்ச் 7

பள்ளி விட்டதும் ஓடிவந்து கண்டுபிடித்தேன். மெஷினின் கேபிளுக்கு விண்டோஸில் ஒரு பெயர், லினக்ஸில் வேறு பெயர். வீட்டில் என்னை வாலு என்பார்கள். பள்ளிக்கு வந்து "வாலு எங்கே?" என்றால் யார் காட்டுவார்கள்? இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு வரி எழுதினேன். மெஷின் கடகடவென்று எழுந்தது!

அப்போதுதான் அம்மா சட்டை மூட்டையோடு வந்து உட்கார்ந்தாள். திரையை உற்றுப் பார்த்தாள்.

"எங்கடி, திரையில இருந்த என் கடல் படம்?"

அவ்வளவுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா ஒரு துண்டுத்துணியை நீட்டினாள். "ஒரு பேரு தைச்சுக் காட்டு. அப்புறம் திட்டறேன்."

தைத்தது. திருப்பிப் போட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, சொன்ன சொல் தவறாமல் திட்டினாள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா? அந்த மருந்தைக் குடிக்க மட்டும் வாய் இருந்துதா?" பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 9, சனி

முப்பத்திரண்டும் போய்விட்டன. காலையில் இருபத்தெட்டாவது சட்டையில் நூல் அறுந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"உன் கம்ப்யூட்டரா, என் ஊசியா?"

குனிந்து பார்த்தேன். "உன் ஊசிதாம்மா."

கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசிதான்.