கல்லில் என் பெயர்

ஐப்பசி, செவ்வாய். காலையிலிருந்து மழை.

ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, பங்களாதேஷ் சண்டை நடந்த வருஷம். எங்கள் ஏரி கலங்கல் வழிந்ததும் சிவப்புப் பசு செத்ததும் அதே வருஷம்தான். தம்பி முனுசாமி சண்டையில் போனான். உடம்பு வரவில்லை. தந்தி மட்டும். ஊர் மணியக்காரர் படித்து, சின்னவன் போய்விட்டான் என்றார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் எழுத்தாக விழுகிறது. மருமகள் செல்வி காட்டிக்கொடுத்தாள். மாட்டுக் கொட்டகையில் நின்று பேசுகிறேன். யாரும் இல்லை.

வல்லக்கோட்டை ரோட்டில், ஊர் முனையில், பட்டாளத்தில் செத்தவர்களுக்குக் கல் வைக்கிறார்கள். எங்கள் ஊரில் முனுசாமி ஒருவன்தான். ஏற்பாடு தனசேகர். ஊர் முறைக்கு எனக்கு மகன். பழைய ஹவில்தார், இப்போது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூபர்வைசர். பட்டாள ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தான். பதில் வந்துவிட்டதாம்.

வியாழன். தூறல். முழங்கால் வலி.

கம்பெனி கேட்டுக்குப் போனேன். ஷிப்டு மாறும் நேரம், வரிசையாக பஸ். தனசேகர் காகிதத்தைப் படித்தான். ஊர் சரி. அப்பா பெயர் சரி. செத்த இடம் சரி. பெயர் மட்டும் கன்னியப்பன்.

அது நான்.

முனுசாமி என்று அங்கே யாரும் சேரவே இல்லை.

நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. வயசு பத்தாது என்று பட்டாளத்தில் தம்பியை முதலில் திருப்பி அனுப்பினார்கள். அப்பா ஒரு கோழியோடு அவனை மணியக்காரரிடம் கூட்டிப்போனார். வயசுக்கு ஒரு சீட்டோடு வந்தார்கள். மணியக்காரர் அதில் என் பெயரையும் என் வயசையும் போட்டிருக்கிறார். சீட்டிலும் தந்தியிலும் என்ன இருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்குப் படிக்கத் தெரியும்?

தனசேகர் சிரித்தான். "பெரிப்பா, இனிமே உனக்குக் கவலயே இல்ல. எமன் வந்தா கல்லக் காட்டு. ஏற்கனவே இட்டுகினு போய்ட்டியேப்பான்னு சொல்லு."

நானும் சிரித்தேன். ஷேர் ஆட்டோவில் ஊர் முனையைத் தாண்டிப் போய்த்தான் இறங்கினேன்.

வெள்ளி. வெயில்.

பயம் எதற்கெல்லாம்: முதியோர் பணம். ரேஷன் கார்டு. பட்டா. செத்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருத்தன் கேட்டால்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. உண்மையைச் சொல்லி, பொய்ப் பெயரில் சேர்ந்தவன் என்று தம்பிக்குக் கல்லே வேண்டாமென்று விட்டுவிட்டால்? சொல்லாவிட்டாலோ, அவன் எங்குமே இல்லை.

செல்வி காப்பி கொண்டுவந்தாள். "தூக்கத்துல இன்னா மாமா பெனாத்தினீங்க? யாரு முனுசாமி?"

இந்த வீட்டில் அவன் பட்டாளத்துச் சித்தப்பா. பெயர் என் மகனுக்கே தெரியாது.

மாடு இன்று பால் குறைச்சல்.

சனி. மேகமூட்டம்.

தனசேகர் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. திங்கட்கிழமை கல் வெட்டுகிறார்களாம். பெயரை மாற்றச் சொல்லி எழுதிப் பார்க்கலாமாம். முனுசாமியைத் தெரிந்த ஆள் யாராவது நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டும்.

கேஸ் ஆகுமா என்று கேட்டேன்.

"ஆவாதுன்னு என்னால சொல்ல முடியாது பெரிப்பா. அந்தக் காலத்து ஆளு யார்னா கீறாங்களா?"

விரல் விட்டு எண்ணினேன். அப்பா, அம்மா இல்லை. மணியக்காரர் போய்ப் பல வருஷம். அக்கா கொரோனாவில். அவனோடு பட்டாளத்துக்குப் போன ஆறுமுகம், போன தை மாதம்.

தண்ணீர் குடித்தேன். அவனை முனுசாமி என்று கூப்பிட்டவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள், எழுதிக்கொள் என்றேன்.

கன்னியப்பன்.