குச்சிக்கிழங்கு இலைத் தூண்கள்

என் கல்யாணப் பத்திரிகை இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தது. அம்மா மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மண்டபத்தை என்னிடம் கேட்காமலேயே அப்பா பேசி முடித்திருக்கிறார். உறையின் மேல் அதன் படம். வரிசையாகக் கொரிந்தியன் தூண்கள், உச்சியில் உன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இலைகள். நீ வரைந்த மண்டபத்தில் எனக்குக் கல்யாணமாம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நான் உறையைக் கவிழ்த்து வைத்தேன்.

பாலிடெக்னிக்கில் கிரேக்கத் தூண்கள் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. என் பெஞ்சுத் தோழி நீ மட்டும் அவற்றை ஆள்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். கிரேக்க டோரிக்குக்கு அடிப்பீடம் கிடையாது, தரையிலிருந்து நேராக எழும். "செருப்பில்லாத தூணுடி. எங்கப்பன் உங்க தெருவுல நடக்கற மாதிரி." அயோனிக்கின் தலையில் இரண்டு பக்கமும் சுருள். "ரெட்டை ஜடைய மடிச்சுக் கட்டுன பள்ளிக்கூடத்துப் புள்ள." கொரிந்தியன்? "தலையில எலைக்கட்டு. செமக்கறதுக்கு இல்ல, சும்மா அழகுக்கு. பண்ணையக்காரரு!" வகுப்பே சிரித்தது. உன் அப்பா இன்றைக்கும் எங்கள் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார். சட்டம் எப்போதோ மாறிவிட்டது. எங்கள் தெரு மாறவில்லை.

படித்து முடித்து இருவரும் திருச்செங்கோட்டில் ஒரே வரைபட அலுவலகத்தில் சேர்ந்தோம். மல்லசமுத்திரம் பக்கத்து போர்வெல் ரிக் வண்டி முதலாளி ஒருவர் மண்டபம் கட்ட வந்தார். ஃபோனில் படம் காட்டினார். டோரிக் உடம்பில் கொரிந்தியன் தலை வேண்டுமாம். "காலு ஒருத்தரது, தலை இன்னொருத்தரதுன்னா ஆளு நிக்க மாட்டாருங்க" என்றாய். அவர் சிரித்துவிட்டு, உன் இஷ்டத்துக்கே விட்டார். அடிப்பீடம், உடம்பில் வரிப்பள்ளம், இலைத்தலை என முழுக் கொரிந்தியனாக அளவோடு வரைந்தாய்.

தூணின் தலைக்கு அச்சு வார்த்தவர், கொரிந்தியனில் வரவேண்டிய ஐரோப்பிய முள்ளிலையைக் கண்டதில்லை. பட்டறைக்கு வெளியே காட்டில் நின்ற குச்சிக்கிழங்குச் செடியைப் பார்த்து வார்த்துவிட்டார். விரித்த கைபோல இலை. உடைக்கச் சொல்லலாம் என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உடு புள்ள. எங்கம்மா கூலிக்குப் புடுங்குன கெழங்கு. எலையாவது உச்சில ஏறி நிக்கட்டும்."

திறப்பு விழாவில் முதலாளி உனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த வாரமே உன் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. "எம் மண்டபத்துலதான் கண்ணாலம்" என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அலுவலகத்திலிருந்தே மண்டபத்துக்கு ஃபோன் போட்டாய். ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் கேட்டது.

"எந்த ஊருங்க?"

ஊரைச் சொன்னாய்.

"ஊருக்குள்ளாரயா, காலனிங்களா?"

"காலனிங்க."

"அன்னைக்கு புக் ஆயிருச்சுங்களே."

வேறு தேதி கேட்டாய். அதுவும் ஆகிவிட்டதாம். நான் என் ஃபோனை எடுத்து உன் முதல் தேதியையே கேட்டேன். ஊருக்குள்ளே என்றேன். "காலியாத்தானுங்க இருக்குது. அட்வான்ஸ் கட்டீருங்க."

முதலாளியிடமும் பேசினாய். 'எனக்கு ஒண்ணுமில்ல சாமி. நாளைக்கு வர்றவங்க கேப்பாங்கல்ல' என்றாராம். என் பேரில் பதிந்துவிடலாம் என்றேன். "உம் பேருல எங்கக்கா எதுக்குடி கண்ணாலம் பண்ணிக்கோணும்?" என்றாய். பொன்னாடை போர்த்திய அதே கைதான் கதவையும் சாத்தியது.

கல்யாணம் உங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. மண்ணில் நேராக நட்ட மூங்கிலைத் தட்டி, "பாரு, அசல் டோரிக்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் என் காதோரம் சொன்னாள்: "அந்த எலையக் கிட்டத்துல பாக்கோணும்னு இருந்தேன் சாமி."

அந்த ஐப்பசி மழையில், சைட்டிலிருந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது, விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற லாரியில் மோதிப் போய்விட்டாய். லாரியால் வாழ்கிற ஊர் இது. நிறுத்தின லாரிக்குப் பின்விளக்கு எரிகிறதா என்று கேட்க ஆளில்லை.

இன்று அப்பாவிடம் மண்டபத்தை மாற்றச் சொன்னேன்.

"பத்திரிக அடிச்சாச்சு. ஊரு என்ன பேசும்?"

"காலனியில இருந்து ஒரு கண்ணாலம்னு சொல்லி, ஒரு தேதி கேட்டுப் பாருங்கப்பா. குடுத்தாங்கன்னா நான் வாரேன்."

அப்பா ஃபோனை எடுக்கவில்லை. பதில் அவருக்கும் தெரியும். அந்தத் தூண்களுக்கு நடுவில் நான் நுழையப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் வேறெங்காவது நடக்கும், இல்லையென்றால் நிற்கும். அம்மா அழுகிறாள்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். பத்திரிகை எடுத்துப் போகவில்லை. "கண்ணாலம் எங்க சாமி?" என்று உன் அம்மா கேட்டாள். "இன்னும் எடம் அமையலைங்கம்மா" என்றேன். வாசலில் உன் அப்பாவின் செருப்பு கிடந்தது. தேய்மானமே இல்லாமல், புதிதுபோல.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் என் கண் தூணின் உச்சிக்குப் போவதில்லை. முதலில் அதன் காலைத்தான் பார்க்கிறேன்.